சமத்துக்கு வந்து சேராத இசை: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃப்ரீ ஜாஸ் (வழக்கமான ஜாஸின் கட்டுகளைக் கழற்றிவைத்த ஜாஸ்) பற்றியும், முன்கூட்டி எதையும் பேசிவைக்காமல் வாசிக்கும் இசை பற்றியும்தான். ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். சினிமாப் பாட்டு ராகம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மகன் ஆர்னெட் கோல்மன் என்பவரின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தை அடிக்கடி போடுகிறான். கச்சேரிக்கு முன்னால் எல்லோரும் சுருதி சேர்ப்பது போல இருக்கிறது. கச்சேரி மட்டும் ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது. இதை எப்படித்தான் கேட்பது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: எதில் போடுகிறான் என்று முதலில் பாருங்கள் அம்மா. ஃபோனின் சின்ன ஸ்பீக்கரிலோ ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ என்றால் குற்றம் கோல்மன் மேல் இல்லை.

1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் பதிவான இந்த 37 நிமிட இசையில் வாசிப்பது ஒரு குழு அல்ல, இரண்டு. இடது பக்கத்தில் கோல்மன் (ஆல்டோ சாக்ஸபோன்), டான் செர்ரி (சிறிய டிரம்பெட்), ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பில்லி ஹிக்கின்ஸ் (டிரம்ஸ்). வலது பக்கத்தில் எரிக் டால்ஃபி (பாஸ் கிளாரினெட்), ஃப்ரெடி ஹப்பர்ட் (டிரம்பெட்), சார்லி ஹேடன் (பாஸ்), எட் பிளாக்வெல் (டிரம்ஸ்). இந்த எட்டுப் பேரையும் ஒரே ஸ்பீக்கரில் திணித்தால், இரண்டு கல்யாண வீட்டு மேளம் ஒரே தெருவில் எதிரெதிரே வந்த கதைதான்.

ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் செட்டிங்ஸில் 'மோனோ ஆடியோ' ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்ஃபோனிலும் இரண்டும் கலந்துதான் கேட்கும். முதல் நாள் இடது காதில் மட்டும் பத்து நிமிடம் கேளுங்கள். நான்கு பேர் மிகத் தெளிவாக ஒரு ஜாஸ் குழுவாக வாசிப்பது கேட்கும். மறுநாள் வலது காது மட்டும். மூன்றாம் நாள் இரண்டும் சேர்த்து, ஆனால் கவனம் பாஸ் வாசிக்கும் இருவர் மேல் மட்டும். லஃபாரோ மேல் ஸ்தாயியில் துறுதுறுவென்று ஓடுவார். ஹேடன் கீழே காலை ஊன்றி நிற்பார். இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் 'சுருதி சேர்க்கிற சத்தம்' மறைந்துவிடும்.

அமைப்பும் இல்லாமல் இல்லை. முன்பே தீர்மானித்த சின்னச் சின்ன கூட்டு வாசிப்புகள் நடுநடுவே வரும். ஒவ்வொன்றும் ஒருவரை முன்னே அனுப்பிவைக்கும். டால்ஃபி, ஹப்பர்ட், கோல்மன், செர்ரி, பிறகு இரண்டு பாஸ், கடைசியில் இரண்டு டிரம்ஸ் என்று வரிசை. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இடையில் புகுந்து நாலு வார்த்தை சொல்லலாம். அந்த 'நாலு வார்த்தை'தான் உங்களுக்குச் சத்தமாகக் கேட்பது.

இதையே முதல் ஆல்பமாகக் கேட்டது கொஞ்சம் துரதிர்ஷ்டம். மகனிடம் ஜான் கோல்ட்ரேனின் 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' போடச் சொல்லுங்கள். 1967 பிப்ரவரியில் பதிவாகி 1974-ல்தான் வெளிவந்தது. இரண்டே பேர்: கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், ரஷீத் அலி டிரம்ஸ். நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஜோடி அந்நியமாக இருக்காது. பெரும்பாலான துண்டுகளில் கோல்ட்ரேன் சின்ன மணிகளைக் குலுக்கிவிட்டுத்தான் தொடங்குகிறார், முடிக்கும்போதும் மணிதான். வழி தெரியாமல் போனால் அந்த மணிச் சத்தம் வரும் வரை காத்திருங்கள்.

கேள்வி: முன்கூட்டி எழுதாமல் வாசிப்பதுதான் ஃப்ரீ ஜாஸ் என்றால், கச்சேரியில் அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் நம் மனோதர்மத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நம்மவர்கள் இதை என்றைக்கோ செய்துவிட்டார்களே?
– வாசகர், அசோக் நகர்

பதில்: 'என்றைக்கோ செய்துவிட்டோம்' என்பதை எந்தக் கேள்வியிலும் சேர்க்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

கல்பனாஸ்வரம் பாடுகிறவர் கையில் நான்கு விஷயங்கள் முன்பே கொடுக்கப்பட்டிருக்கின்றன: சுருதி, ராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்). இந்த நான்குக்குள் அவர் சுதந்திரமானவர். வழக்கமான ஜாஸ் கலைஞருக்கும் கிட்டத்தட்ட இதே கதை: மெட்டு, அதன் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை, சீரான தாளம், எத்தனை சுற்று என்ற கணக்கு. ஃப்ரீ ஜாஸ் வந்தது இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்துத்தான், ஒரே நாளில் அல்ல. 1959 வாக்கில் கோல்மன் கழற்றியது கார்டு வரிசையை மட்டும். மெட்டும் தாள ஓட்டமும் அவரிடம் இருந்தன. பியானோ கலைஞர் செசில் டெய்லரோடும் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரோடும் வாசித்த டிரம்ஸ் கலைஞர் சன்னி மர்ரே சீரான தாளத்தையும் எடுத்துவிட்டார். 1964-ல் பதிவான அய்லரின் 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'யில் அவருடைய சிம்பல் அடி எண்ண முடியாத ஒரு சலசலப்பு. மெட்டோ, பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டு மாதிரி அவ்வளவு எளிது! லண்டனில் 1965-ல் தொடங்கிய ஏ.எம்.எம். குழுவும் கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லியும் மெட்டையும் கழற்றினார்கள்.

பெய்லி 1980-ல் எழுதிய இம்ப்ரொவைசேஷன் (முன்கூட்டி எழுதாமல் வாசிப்பது) பற்றிய புத்தகத்தில் இந்திய இசைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஒரு மரபின் மொழிக்குள் நின்று புதிதாகப் பேசுவது ஒரு வகை, அப்படிப்பட்ட எந்த மொழியையும் சாராமல் பேச முயல்வது இன்னொரு வகை என்று பிரித்தார். நம் மனோதர்மம் முதல் வகை. இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை.

ஆலாபனை கேட்ட காதுக்குத் தாளமில்லாமை புதிதல்ல. சிக்கல் வேறு இடத்தில். சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) வரும், ஷட்ஜத்தில் இறங்குவார்கள் என்று அந்தக் காது காத்திருக்கும். இந்த இசையில் அது பெரும்பாலும் வராது.

கேள்வி: நான் மிருதங்கம் படிக்கிறேன். நண்பன் ஆல்டோ சாக்ஸபோன். எதுவும் பேசிக்கொள்ளாமல் சும்மா வாசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஐந்தாவது நிமிடமே ஆதி தாளம், ஹம்ஸத்வனி என்று ஆகிவிட்டது. எங்கே தப்பு?
– வாசகர், வடபழனி

பதில்: தப்பு உங்கள் வாத்தியத்திலேயே ஆரம்பிக்கிறது. வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கறுப்புச் சாந்து இருப்பதால் அது ஒரு தெளிவான ஸ்வரம் பேசும் வாத்தியம். நீங்கள் எந்தச் சுருதியில் சேர்த்தாலும் அறையில் இருக்கிறவர்களின் காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். சாக்ஸபோன்காரர் எந்த ஸ்வரம் ஊதினாலும் அந்த ஷட்ஜத்தை ஒட்டி ஒரு ராகமாகிவிடும். இரண்டரைக் கட்டையில் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். ஆல்டோவின் விரலுக்கு மிகச் சுலபமான 'ஸி' அங்கேதான் ஒலிக்கும், நண்பரின் கையும் தானாக அங்கே போய் உட்காரும்.

முதல் சில நாட்களுக்கு மீட்டு, சாப்பு, தீம் என்று ஸ்வரம் ஒலிக்கும் அடிகள் மூன்றையும் விட்டுவிடுங்கள். ரவை வைக்காமல் காய்ந்த தொப்பி (இடப்பக்கத் தோல்), வலந்தலையின் ஓரம், அடக்கி அடிக்கும் சொற்கள், வார் மேல் விரல் உரசுவது, இவற்றை மட்டும் வைத்து மூன்று நிமிடம் வாசியுங்கள். கஞ்சிரா இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தொட்டு சுருதியை நடுவிலேயே இறக்கலாம். ஒரேயடியாகத் தெளித்தால் தோல் செத்துப்போய் 'பொத்' என்று மட்டும் கேட்கும், அன்றைய பயிற்சி அதோடு சரி.

இரண்டாவது சிக்கல் கை. வருஷக்கணக்காகத் 'ததிங்கிணதொம்'மை மூன்று முறை வைத்து முடித்த கை, எதையாவது இரண்டு முறை வாசித்துவிட்டால் மூன்றாவதையும் வாசித்தே தீரும். மூன்றாவது வந்தவுடன் நண்பரின் காது 'ஆஹா, தீர்மானம்' என்று புரிந்துகொள்ளும், அடுத்த அடி சமம், தாளம் முளைத்துவிட்டது. அதனால் விதி இது: எதையாவது இரண்டு முறை வாசித்துவிட்டால் உடனே நிறுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு வேறு சத்தத்தில் தொடங்குங்கள். சொல்வதற்குச் சுலபம். முதல் வாரம் இருபது தடவை மீறுவீர்கள்.

மூன்றாவது, ஒருவரை ஒருவர் நிழல் போலத் தொடர்வது. கச்சேரியில் வயலின்காரர் அப்படிச் செய்வது அழகு. இங்கே நீங்கள் 'தடதட' என்றால் அவரும் 'படபட' என்று ஊத ஆரம்பித்தால், இரண்டு பேரும் சேர்ந்து வேகமாகிச் சத்தமாகிக் களைத்து நிற்பீர்கள். வாசிக்கத் தொடங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஃபோனில் மூன்று நிமிட டைமர் வைத்து இப்படிச் செய்து பாருங்கள்: ஒருவர் நீண்ட ஒலி மட்டும், இன்னொருவர் துண்டு ஒலி மட்டும், அடுத்த மூன்று நிமிடம் மாற்றிக்கொள்ளுங்கள். மிருதங்கத்தில் நீண்ட ஒலி எப்படி என்று கேட்பீர்கள். தொப்பியில் ஈர விரலை அழுத்தி இழுங்கள், முனகல் போல ஒன்று வரும். பிறகு ஒரு மூன்று நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடமாவது மொத்தமாக மௌனம். எந்த நிமிடம் என்று முன்கூட்டிப் பேசக்கூடாது.

முடிவும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். இருவரும் ஒரே நேரத்தில் நின்று, ஐந்து விநாடி அமைதி இருந்தால் முடிந்தது. 'இன்னும் கொஞ்சம்' என்று யாராவது மறுபடி ஆரம்பித்தால் நல்ல முடிவு கெட்டு, மோசமான முடிவு ஒன்று கிடைக்கும்.

எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஃபோன் மிருதங்கத்திலிருந்து ஒரு மீட்டர், சாக்ஸபோனிலிருந்து மூன்று மீட்டர். சாக்ஸபோன்காரர் ஃபோனைப் பார்க்காமல் ஜன்னல் திரையைப் பார்த்து ஊதட்டும், இல்லாவிட்டால் பதிவில் நீங்கள் இருக்கவே மாட்டீர்கள். அன்றைக்கே கேட்க வேண்டாம். வாசித்த சூட்டில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் கேளுங்கள்.

கேள்வி: கிட்டாரை மேஜை மேல் படுக்கப்போட்டு வாசிக்கிற வீடியோ பார்த்தேன். பாத்திரம், தட்டு எதை வைத்தும் வாசிக்கிறார்கள். ஒட்டுகிற மைக் ஒன்று வைத்திருந்தார்கள். ரிச்சி தெருவில் கிடைக்குமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கிட்டாரைப் படுக்கப்போட்ட முன்னோடி ஏ.எம்.எம். குழுவின் கீத் ரோ, ரேடியோவையும் வாத்தியமாக்கியவர். நீங்கள் கேட்பது கான்டாக்ட் மைக். ரெடிமேடாக வாங்க வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் 'பீசோ டிஸ்க்' அல்லது 'பஸ்ஸர் பிளேட்' என்று கேளுங்கள், 27 மி.மீ. பித்தளை வட்டு, நடுவில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. ஐந்தாக வாங்குங்கள், முதல் இரண்டைக் கருக்கிவிடுவீர்கள். கூடவே ஒரு கோர் ஷீல்டு கேபிள் இரண்டு மீட்டர், 6.35 மி.மீ. மோனோ ஜாக் ஒன்று.

கேபிளின் நடுக் கம்பி வெள்ளைப் பகுதிக்கு, சுற்றியிருக்கும் வலை பித்தளைக்கு. ஜாக்கில் நடுக் கம்பி முனைக்கு, வலை உடலுக்கு. மாற்றிக் கொடுத்தால் சத்தம் வரும், ஆனால் கையால் தொட்டவுடன் 'உம்ம்' என்று இரைச்சலும் வரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பித்தளையை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதியில் முனையை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்; மேலே இருப்பது மெல்லிய வெள்ளிப் பூச்சு, சூட்டில் ஈயத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். பிறகு அந்த இடத்தில் எதுவும் பிடிக்காது. ஒயர் ஏற்கெனவே ஒட்டிய வட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சால்டர் ஆறியதும் மேலே நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அதன் மேல் இன்சுலேஷன் டேப். கேபிள் இழுபட்டு ஒயர் பிடுங்கிக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நடக்கும் விபத்து; அதையும் டேப் தடுக்கும்.

இனிதான் முக்கியமான இடம். செய்து முடித்து, மிக்சரில் செருகிவிட்டு, 'தகர டப்பா மாதிரி கீச்சென்று இருக்கிறது' என்பார்கள். மைக் மேல் பழி. உண்மையில் அந்த வட்டு சுமார் 20 நானோஃபாரட் கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்கிறது. 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேயத் தொடங்கும். பாத்திரத்தின் கனமான ஒலி முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதே வட்டை 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், எல்லாம் கேட்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் இன்புட், ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று எழுதிய பட்டன், இரண்டும் அப்படிப்பட்டவை. செருகுவதற்கு முன் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். வட்டைப் பலமாகத் தட்டினால் அதிலிருந்து கிளம்பும் வோல்டேஜ் ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும்.

தோசைக்கல்லில் ஒட்டிப் பாருங்கள். கல்லை நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, மெல்லிய இருபுற டேப்பில் பித்தளைப் பக்கம் கல்லைத் தொடுமாறு, ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே. ஸ்பாஞ்சு டேப் வேண்டாம், கூர்மையான ஒலியை விழுங்கிவிடும். கல்லை மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் நீங்கள் கை ஊன்றுவதும் நாற்காலி நகர்வதும் சேர்ந்து கேட்கும். பழைய வயலின் வில் இருந்தால் ரோசின் தடவிக் கல்லின் விளிம்பில் இழுங்கள். வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு இழுங்கள்.

கேள்வி: கத்ரி கோபால்நாத் ஜாஸ் கலைஞரா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்தவர். கையில் சாக்ஸபோன் இருந்தால் ஜாஸ் என்பது, வயலின் இருந்தால் மொசார்ட் என்பது போல. ஆனால் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவுடன் அவர் வாசித்த 'கின்ஸ்மென்' (2008) ஆல்பத்தில் இரு உலகமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகின்றன. எதிர்த் திசையில் வந்தவர் சார்லி மரியானோ: அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், நாகஸ்வரம் கற்று வாசித்தவர்.

கேள்வி: ஆலிஸ் கோல்ட்ரேன் ஆல்பத்தின் பெயரில் வரும் 'சச்சிதானந்தா' வேதாந்தச் சொல்லா, ஆளா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: ஆள். கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1969-ல் உட்ஸ்டாக் விழாவின் தொடக்கத்தில் பேசியவரும் அவரே. ஆலிஸ் அவரைக் குருவாகக் கொண்டவர். 1971-ல் வெளியான அந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தில் ஆலிஸின் ஹார்ப், ஃபரோவா சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன், கீழே தம்புரா. சுருதி நிற்பதால் இந்த வகை இசைக்குள் நுழைய நம்மவர்களுக்கு மிகச் சுலபமான வாசல் இது. மயிலாப்பூர் வாசகியும் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: விஜய் ஐயர் தமிழராமே?
– வாசகர், போரூர்

பதில்: தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் அமெரிக்காவில் பிறந்தவர். பியானோ. கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மித்தாவுடன் 'தீர்த்தா' (2011), டிரம்பெட் வாதாடா லியோ ஸ்மித்துடன் 'எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்' (2016). இரண்டாவதைத்தான் முதலில் கேட்கச் சொல்வோம். அதில் இருவரும் விடுகிற இடைவெளிகள் வாசிப்பைவிட அழகு.

கேள்வி: சென்னையில் இதை நேரில் எங்கே கேட்பது?
– வாசகர், கொளத்தூர்

பதில்: டிசம்பர் சீசன் பட்டியலில் தேடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே நிலையம் இரண்டின் அறிவிப்புகளில் ஒரு கண் இருக்கட்டும். நடனமும் ஒலியும் கலந்த சோதனை நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கும் 'பேஸ்மென்ட் 21' குழுவையும், அதில் இருக்கும் டச்சு சாக்ஸபோன் கலைஞர் மார்ட்டன் விஸ்ஸரையும் கவனியுங்கள். போனால் தொடையில் தாளம் போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கேட்பது கெடும். முடிந்ததா என்று சந்தேகம் வந்தால் வாசிப்பவர்கள் கையைப் பாருங்கள். கை இறங்கிய பிறகு தட்டுங்கள். கேன்டீன் இருக்கும் என்று நம்ப வேண்டாம், டிபன் முடித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சாக்ஸபோனில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வருகிறதே, எப்படி? முயற்சி செய்தால் எனக்குக் கீச்சொலிதான் வருகிறது. அபார்ட்மென்டில் புகார் வேறு.
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: இதற்கு மல்டிஃபோனிக் என்று பெயர். கோல்ட்ரேன் 1959-ல் பதிவு செய்த 'ஹார்மோனிக்'கில் கேட்கலாம். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. மிகக் கீழே இருக்கும் பி ஃபிளாட்டுக்கு எல்லாத் துளைகளையும் மூடி, விரலை அசைக்காமல், தொண்டையையும் நாக்கையும் மட்டும் மாற்றி மேல் ஒலிகளை எடுங்கள். அந்தக் கீழ் ஸ்வரம் ஷட்ஜம் என்றால் வரிசையாக மேல் ஷட்ஜம், அதற்கு மேல் பஞ்சமம், மறுபடி ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். அடுத்து ஒரு நிஷாதம், நம் கைசிகியைவிடச் சற்றுக் கீழே நிற்கும். பாடிப் பார்த்துவிட்டு ஊதினால் சீக்கிரம் வரும். தினம் பத்து நிமிடம், ஒரு மாதம்.

பிறகு கீழ் ஸ்வரம் ஒன்றுக்கு மூடிக்கொண்டு, இடது கையில் ஒரு விரலை மட்டும் தூக்குங்கள். நடுவில் ஒரு ஓட்டை திறந்ததால் குழாய் எந்த நீளத்துக்கு ஒலிப்பது என்று திணறும். இரண்டு ஒலியும் சேர்ந்து வரும். மெல்ல ஊத வேண்டும். உங்களுக்குக் கீச்சொலி வருவது பல்லால் ரீடை (ஊதும் முனையில் இருக்கும் மெல்லிய நாணல் பட்டையை) கடிப்பதால். ரீடும் காரணமாக இருக்கலாம்: ஏ.சி. அறையிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வந்தால் ரீடின் நுனி அலை அலையாக நெளியும். இரண்டரை நம்பர் ரீட் நான்கு வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள்; துடைத்து, தட்டையான கண்ணாடி மேல் காயவைத்த பிறகே பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

புகாருக்கு: சாக்ஸபோனின் அகன்ற வாயில் துணி அடைப்பதால் பலன் இல்லை. சாக்ஸபோனின் ஒலி திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. துணி அடைத்தால் மிகக் கீழ் ஸ்வரங்கள்தான் மங்கும், சுருதியும் கெடும். துணிகள் நிறையத் தொங்கும் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, அதற்குள் ஊதுவது போல நின்று பயிற்சி செய்யுங்கள். மேல் ஒலிப் பயிற்சியைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மாடி வீட்டு மாமாவுக்கு அது பிரஷர் குக்கர் விசிலுக்குள் மறைந்துவிடும்.